பேசாத பிள்ளைக்குத் தாய் மேல் பழி போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என் மகனுக்கு ஆட்டிசம் என்று மூன்று வயதில்தான் சொன்னார்கள். அதற்கு முந்தைய ஒரு வருடம் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: "நீ பிள்ளைகிட்ட பேசறதே இல்லையா?" பார்த்த டாக்டரும் "ஆம்பளைப் பிள்ளை, லேட்டாத்தான் பேசும், பேச்சுக் கொடுங்க" என்று அனுப்பிவிட்டார். நான் பேசாமலா இருந்தேன்? பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான், காக்காவைக் காட்டினால் என் விரலைத்தான் பார்ப்பான். பதிலே வராத இடத்தில் எவ்வளவுதான் பேசுவது? நாளாக ஆக என் பேச்சு "இது என்ன? சொல்லு, சொல்லு" என்று கேள்வியாகவே ஆகிவிட்டது, அவன் இன்னும் விலகிப் போனான்.

இந்தப் பழி பழையது. 1950களில் அமெரிக்க மருத்துவர்களே ஆட்டிசத்துக்குத் தாய்க்குப் பாசம் இல்லாததுதான் காரணம் என்று சொல்லி, 'ஃப்ரிட்ஜ் அம்மா' என்று பட்டமும் கட்டினார்கள். 1964இல் பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியலாளர், அவரும் அப்படியொரு பையனுக்கு அப்பா, இது மூளை வளர்ச்சி சம்பந்தப்பட்டது என்று எழுதி அதை மறுத்தார். அறுபது வருடம் ஆகியும் நம் ஊர்த் திண்ணையில் அந்தப் பேச்சு ஓயவில்லை.

தாய் காரணம் இல்லை, ஆனால் தாயும் தகப்பனும் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் ஆட்டிசம் உள்ள 65 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. நிபுணர்கள் இல்லை, பயிற்சி பெற்ற சாதாரணப் பணியாளர்கள்தான், ஆறு மாதத்தில் 12 முறை பெற்றோரைச் சந்தித்து, பிள்ளையோடு விளையாடுவதை வீடியோ எடுத்து, சேர்ந்து உட்கார்ந்து பார்த்து, எந்த இடத்தில் பிள்ளை தொடர்புகொள்ள முயன்றது என்று காட்டினார்கள். பிள்ளையின் போக்குக்கு இசைந்து பெற்றோர் பதில் தருவதும் கூடியது, பிள்ளை தானாக முன்வருவதும் கூடியது.

எனக்கும் ஒரு தெரபிஸ்ட் இதைத்தான் சொல்லிக்கொடுத்தார். அவன் பொம்மைக் காரைக் கவிழ்த்துப் போட்டுச் சக்கரத்தையே சுற்றிக்கொண்டிருப்பான், முன்பெல்லாம் பிடுங்கி வைத்துவிடுவேன். அப்புறம் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து நானும் சுற்றினேன், "சுத்துது" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் சும்மா இருந்தேன். பல வாரம் போனது. ஒருநாள் சக்கரத்தை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தான், நான் சொல்வதற்காகக் காத்திருந்தான்.

இதை அங்கன்வாடி ஊழியர்களுக்கும் கிராம சுகாதார செவிலியர்களுக்கும் அரசு சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒன்றரை வயதாகியும் பேருக்குத் திரும்பாத, விரல் நீட்டி எதையும் காட்டாத பிள்ளையைப் பார்த்தால் "பொறுத்துப் பாருங்க" என்று சொல்லாமல், அந்த வாரமே, பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளைப் பரிசோதித்து உதவும் மாவட்ட இடையீட்டு சேவை மையத்துக்கு அவர்கள் எழுதி அனுப்ப வேண்டும்.

ஒரு தாய்,
திருவாரூர்.