மேட்டுப் படலைகளின் சாவி வைத்திருப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியோரே,

இந்த மடல் ஓர் அலுவலகத்துக்கு மட்டும் உரியதல்ல. திருகோணமலை மாவட்டத்தில் உயரமான இடம் எதுவானாலும் அதன் அடியில் ஒரு படலை இருக்கிறது, படலையில் பூட்டு இருக்கிறது, பூட்டுக்கு ஒருவர் பொறுப்பாக இருக்கிறார். தண்ணீர்த் தாங்கியைப் பார்த்துக்கொள்ளும் பொறியியலாளர், தொலைத்தொடர்புக் கோபுரத்தின் வட்டார முகாமையாளர், குன்றுக் கோயிலின் அறங்காவலர், விகாரையின் தேரர், பள்ளிவாசல் நிர்வாக சபையினர், திணைக்களக் கட்டடத்து மொட்டைமாடியின் சாவியை மேசை இழுப்பறையில் வைத்திருக்கும் எழுதுவினைஞர் என்று உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். கேட்பது ஒன்றுதான். ஒன்றும் நடக்காத மாதங்களில் எங்களை உள்ளே விடுங்கள்.

நாங்கள் அமெச்சூர் வானொலிக்காரர்கள். பரீட்சை எழுதி, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரம் பெற்று, 4எஸ் என்று தொடங்கும் அழைப்புக் குறியோடு பேசுகிறவர்கள். இந்தச் சேவைக்குக் கூலி வாங்கக் கூடாது, வியாபாரம் பேசக் கூடாது, சங்கேதத்தில் மறைத்துப் பேசவும் கூடாது. நாங்கள் பேசுவதை யாரும் கேட்கலாம். போர்க்காலத்தில் இந்த மாவட்டத்தில் வளர்ந்த எவருக்கும், கையில் வோக்கி டோக்கியோடு ஒருவர் குன்றேறுவதைப் பார்த்தால் முதலில் என்ன நினைப்பு வரும் என்று எனக்குத் தெரியும். அந்த நினைப்பைக் குறை சொல்லமாட்டேன். அதனால்தான் பத்திரத்தையும் அடையாள அட்டையையும் கேட்கும் முன்பே நீட்டுகிறோம்.

உங்கள் வளவில் இருக்கும் அந்தச் சாம்பல் நிறப் பெட்டி, அதாவது எங்கள் ரிப்பீட்டர், என்ன செய்கிறது என்று பலர் கேட்டதே இல்லை. கேட்டவர்களுக்கும் நாங்கள் சரியாகச் சொன்னதில்லை என்று நினைக்கிறேன். எங்கள் கைக்கருவியின் வலு பெரும்பாலும் ஐந்து வாட். 144 மெகாஹேர்ட்ஸ் பக்கத்து அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் போகின்றன. பூமியின் வளைவும் மரமும் மேடும் மறித்தால் நின்றுவிடுகின்றன. அன்டெனாவின் உயரத்தை மீற்றரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை நான்கு சொச்சத்தால் பெருக்கினால் வானொலித் தொடுவானம் எத்தனை கிலோமீற்றர் தள்ளி இருக்கிறது என்று கிடைக்கும். தரையில் நின்று பேசும் இருவருக்குக் கணக்கு பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் என்று சொல்லும். பனையும் தென்னையும் நிற்கும் ஊரில் அதில் பாதி கிடைத்தால் நல்லது. அதே இருவருக்கும் இடையே நூறு மீற்றர் உயரக் குன்றில் ஒரு ரிப்பீட்டர் இருந்தால், குன்றிலிருந்து ஒவ்வொரு பக்கமும் நாற்பது கிலோமீற்றருக்கு மேல் எட்டுகிறது. ஒரு அலைவரிசையில் வரும் பேச்சை அது வாங்கி, அதே கணத்தில் 600 கிலோஹேர்ட்ஸ் தள்ளிய இன்னொன்றில் கூடுதல் வலுவோடு அனுப்புகிறது. அவ்வளவுதான் அதன் வேலை.

ஆனால் இந்த மாவட்டத்தின் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு அந்த நாற்பது கிலோமீற்றரை நினைத்துப் பாருங்கள். வடக்கே குச்சவெளி தாண்டிப் புல்மோட்டை. நகரத்திலிருந்து வீதியால் போனால் ஐம்பது கிலோமீற்றருக்கு மேல். தெற்கே கிண்ணியா, மூதூர், சம்பூர், ஈச்சிலம்பற்று, வெருகல். மேற்கே தம்பலகாமம், கந்தளாய், வடமேற்கே கோமரன்கடவல. நடுவில் கொட்டியாரக் குடா. குடாவுக்குக் குறுக்கே நகரத்திலிருந்து மூதூருக்கு ரிப்பீட்டர் இல்லாமலே பேசலாம், கடலுக்கு மேல் மறிப்பதற்கு ஒன்றும் இல்லை. மூதூரிலிருந்து உள்ளே ஆற்றோரம் போகப் போகத்தான் மேட்டில் ஒரு பெட்டி தேவைப்படுகிறது. வெள்ளம் வருவதும் அந்தப் பக்கம்தான்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மகாவலி பெருகியதையும், மாவிலாற்றுக் கட்டு உடைந்ததையும், அதன் கீழே இருந்த ஊர்களையும் நான் உங்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. மின்சாரம் போன பின் நாட்டின் பல பகுதிகளில் கைபேசிக் கோபுரங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. இன்னும் பின்னால் போனால், 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் மேலே உள்ளவர் கீழே உள்ள ஊர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வரி. அதை ஒரே நேரத்தில் எல்லோரும் கேட்க வேண்டும் என்பதுதான் முக்கியம். தொலைபேசியில் ஒருவர் ஒருவரைத்தான் அழைப்பார். ரிப்பீட்டரில் பேசினால் படகில் இருப்பவர், பாடசாலையில் முகாம் நடத்துபவர், பிரதேச செயலகத்தில் இருப்பவர் எல்லோர் காதிலும் விழுகிறது.

சுனாமியின்போது என்ன நடந்தது என்று சிலர் கேட்பார்கள். 2004 டிசம்பர் 26 இல் அந்தமானில் வானொலிப் பயணமாக வந்திருந்த இந்திய அமெச்சூர் பாரதி பிரசாத்தின் நிலையத்திலிருந்து, தொடர்பு அறுந்த தீவுகளின் செய்தி வெளியே வந்தது. இங்கே அம்பாந்தோட்டைக்குப் போன எங்கள் சகாக்கள் கொழும்போடு தொடர்பு ஏற்படுத்திக் கொடுத்தார்கள். இவையெல்லாம் சிற்றலையில் நடந்தவை, ரிப்பீட்டர் தேவைப்படாதவை. 7 மெகாஹேர்ட்ஸில் ஒரு கம்பியைத் தாழ்வாகக் கட்டினால் பகல் பொழுதில் இந்தத் தீவு முழுவதும் கேட்கும். ஆனால் அதற்கு அந்தப் பெரிய கருவியும் அதை இயக்கத் தெரிந்த ஆளும் வேண்டும். இடுப்பளவு தண்ணீரில் நடந்து போகிறவர் கையில் இருக்கப்போவது ஐந்து வாட் கருவிதான். ஆகவே சுனாமிக் கதையைச் சொல்லி உங்களிடம் இடம் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நேர்மையான வாதம் வேறு.

வாதம் இதுதான்: ரிப்பீட்டரை வைப்பது சுலபம், உயிரோடு வைத்திருப்பதுதான் வேலை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெயிலும் புழுதியும் அன்டெனாவுக்குப் போகும் கேபிளின் உறையை வெடிக்க வைக்கின்றன. வாடை தொடங்கியதும் அந்த வெடிப்பினால் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. கேபிளுக்குள் தண்ணீர் போய்விட்டால் பெட்டி உழைக்கும், பற்றரி தீரும், அன்டெனாவிலிருந்து மட்டும் ஒன்றும் புறப்படாது. கீழே இருந்து பார்த்தால் எல்லாம் நலமாகத் தோன்றும். கடற்காற்றின் உப்பு, அன்டெனாக் கம்பத்தைச் சாயாமல் பிடிக்கும் இழுவைக் கம்பிகளையும் கொனெக்டர்களையும் அரிக்கிறது. சோலார் தகட்டில் காகம் எச்சமிடுகிறது. குரங்குகளுக்குக் கறுப்பு நிறக் கேபிளில் என்ன சுவையோ, இன்றுவரை எனக்குப் புரியவில்லை. பெட்டிக்குள் சூடு இருப்பதால் பல்லி வருகிறது, பல்லிக்கு எறும்பு வருகிறது. காற்றோட்டத் துளையில் குளவி கூடு கட்டுகிறது. ஏணியின் மேல்படியில் நின்றுகொண்டு அதைக் கண்டுபிடிப்பது இனிய அனுபவம் அல்ல.

பற்றரியைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்கிறேன், ஏனென்றால் சோலார் இருக்கிறதே, பிறகென்ன என்று நினைப்பவர்கள் அதிகம். சும்மா கேட்டுக்கொண்டிருக்கும்போது எங்கள் பெட்டி அரை அம்பியர் எடுக்கிறது, பேசும்போது ஐந்து அம்பியர். ஒரு நாளில் கால்வாசி நேரம் யாராவது பேசுகிறார்கள் என்று வைத்தால், அந்த நாளுக்கு ஏறக்குறைய நாற்பது அம்பியர்-மணி. 12 வோல்ட், 100 அம்பியர்-மணி ஈய அமிலப் பற்றரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறைந்துவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: சூரியன் முகம் காட்டாவிட்டால் ஒன்றேகால் நாள். புயல் மழை மூன்று நாள் நிற்கிறது. ஆகவே இரண்டாவது பற்றரி வேண்டும், இரண்டையும் காலாகாலத்தில் சோதிக்க வேண்டும், பழையதைத் தோளில் சுமந்து இறக்கிப் புதியதை ஏற்ற வேண்டும். 2022 இல் ரூபாய் சரிந்த பின் ஒரு நல்ல பற்றரியின் விலை எங்கள் உண்டியலுக்கு எவ்வளவு தூரம் என்பதை விட்டுவிடுகிறேன். பணத்துக்காக எழுதும் மடல் அல்ல இது.

இதற்கெல்லாம் உள்ளே போக வேண்டும். அங்கேதான் எங்கள் வருத்தம். ஓரிடத்தில் வாய்ச்சொல்லாக அனுமதி தந்தவர் இடமாற்றம் பெற்றுப் போனார். அடுத்து வந்தவருக்கு எங்களைத் தெரியாது, தெரிந்துகொள்ள அவருக்கு நேரமும் இல்லை. இன்னோரிடத்தில் வண்ணம் பூச வந்தவர்கள் தங்கள் மின்விளக்குக்காக எங்கள் செருகியைக் கழற்றினார்கள், திரும்பச் செருகவில்லை. மழை தொடங்கும் வரை எவருக்கும் தெரியாது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. எங்கும் ஒரு கடதாசியில் எங்கள் பெயர் எழுதப்பட்டிருக்கவில்லை, அவ்வளவுதான். பிறகு வெள்ள எச்சரிக்கை வந்ததும் தொலைபேசி அழைப்பு வருகிறது: தம்பி, உங்கள் செட் வேலை செய்கிறதா? மின்னல் அடிக்கும் இரவில் இரும்புக் கோபுரத்தில் ஏறி அதற்குப் பதில் தேட முடியாது.

செயற்கைக்கோள் இணையமே நாட்டுக்கு வந்துவிட்டது, இனி இந்தப் பழைய பெட்டி எதற்கு என்று ஒரு பொறியியலாளர் என்னிடம் சிரித்தார். நல்ல கேள்வி. பூமியோடு சேர்ந்து சுழலும் செயற்கைக்கோள்களை வைத்து உலகம் முழுவதற்கும் செய்தி அஞ்சல் செய்யலாம் என்று 1945 இல் எழுதிய ஆதர் சி. கிளார்க், பின்னாளில் இலங்கைக்கே குடிவந்து, நமது கோணேசர் கோயிலுக்குக் கீழே கடலுக்குள் முங்கித் தூண்களைத் தேடியவர். அவர் விண்ணில் நிறுத்தச் சொன்னதும் ஒருவகை ரிப்பீட்டர்தான். அதில் குளவி கூடு கட்டாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதன் தட்டுக்கும் ரவுட்டருக்கும் மின்சாரம் வேண்டும், மாதாமாதம் கட்டணம் வேண்டும், அந்தத் தட்டு எல்லா ஊரிலும் இருக்க வேண்டும். இருக்கும் இடத்தில் இருக்கட்டும், நாங்களும் பயன்படுத்துவோம். இரண்டும் ஒன்றையொன்று விழுங்கத் தேவையில்லை.

நாங்கள் கேட்பதைத் திட்டமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கத்தில் அடங்கும் எழுத்துமூல அனுமதி, நபருக்கு அல்லாமல் பதவிக்கு உரியதாக. அப்போதுதான் இடமாற்றத்தோடு அது போகாது. சாவி தர முடியாவிட்டால், இரவிலும் விடுமுறையிலும் திறந்துவிடக்கூடிய ஒருவரின் பெயர். வண்ணம் பூசும்போதும் கோபுரத்தில் வேறு அன்டெனா ஏற்றும்போதும் முன்கூட்டியே ஓர் அறிவித்தல். இரண்டு பற்றரிகள் நனையாமல் இருக்கும் அளவுக்கு ஓர் இடம். வாடகையை மட்டும் தள்ளிவிடுங்கள், அதை எங்களால் தாங்க முடியாது. மாவட்டச் செயலகமும் இடர் முகாமைத்துவப் பிரிவும் நடத்தும் ஒத்திகைகளில் எங்களையும் ஒரு மூலையில் சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது. 2003 இல் ஜெனீவாவில் கூடிய உலக வானொலி மாநாடு, இடர் வேளைக்கு அமெச்சூர் நிலையங்கள் ஆயத்தமாக இருக்க வழிசெய்யுமாறு நாடுகளை ஊக்குவித்து சர்வதேச வானொலி விதிகளிலேயே எழுதி வைத்திருக்கிறது.

எங்கள் பக்கத்திலிருந்து: மின்னலுக்கு முறையான எர்த் கம்பி நாங்களே இறக்குவோம், அது உங்கள் கட்டடத்துக்கும் காவல். எங்கள் கருவியால் உங்கள் கருவிக்கு இடைஞ்சல் என்றால், ஒரு சொல் போதும், முதலில் நிறுத்திவிட்டுப் பிறகு காரணம் தேடுவோம். ஒவ்வொரு முறை ஏறும்போதும் யார், எப்போது, என்ன செய்தார் என்று ஒரு புத்தகத்தில் எழுதி உங்கள் அலுவலகத்திலேயே வைப்போம். இடத்தை எங்கும் பகிரங்கமாகச் சொல்லமாட்டோம். கேபிளில் இருக்கும் செம்பின் விலை திருடர்களுக்கும் தெரியும். உங்கள் ஊழியர்களில் விருப்பமுள்ளவர்களுக்குப் பரீட்சைக்குரிய பாடத்தைத் தமிழிலேயே சொல்லித் தருகிறோம். அவர்களில் ஒருவர் அனுமதிப்பத்திரம் எடுத்துவிட்டால் சாவிப் பிரச்சினை பாதி தீர்ந்தது.

வாடை ஒக்டோபரில் தொடங்குகிறது. அதற்கு முன் செப்டெம்பரில் கொனெக்டர்களைக் கழற்றிக் காயவைத்து மறுபடி நாடா சுற்ற வேண்டும், பற்றரிகளைப் பளு கொடுத்துப் பார்க்க வேண்டும், இழுவைக் கம்பிகளை மாற்ற வேண்டும். அனுமதிக் கடிதத்தின் மாதிரி ஒன்றைத் தயாரித்து வைத்திருக்கிறோம். திருத்த வேண்டியதைத் திருத்திக் கையொப்பமிட்டால் போதும். ஓகஸ்ட் முடிவதற்குள் ஆம் அல்லது இல்லை என்று சொல்லுங்கள். இல்லை என்றாலும் பரவாயில்லை, வேறு மேடு தேட எங்களுக்கு ஒரு மாதம் மிஞ்சும்.

இப்படிக்கு,
திருகோணமலை மாவட்டத்துக் கிராமப்புற அமெச்சூர் வானொலிக் கழகமொன்றின்
ரிப்பீட்டர் பராமரிப்பாளர்கள் சார்பில், அவர்களில் ஒருவர்