கேட்டது ஒன்று, வந்தது ஒன்று

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

போன வாரம் பார்சல் பிரித்ததும் சிலர் கோபமாகப் போன் செய்தீர்கள். நியாயம்தான். போசா நோவா (பிரேசிலில் பிறந்த, ஜாஸ் கலந்த மென்மையான இசை) சிடி வேண்டும் என்பவர்களுக்கு 1964இல் வந்த ‘கெட்ஸ்/ஜில்பெர்டோ’ ஆல்பத்தைத்தான் வழக்கமாகக் கொடுப்போம். இந்த முறை கையிருப்பு தீர்ந்துவிட்டது. அதிலுள்ள பெரும்பாலான பாட்டுகளுக்கு மெட்டுப் போட்ட அன்டோனியோ கார்லோஸ் ஜோபிமின் கடைசி ஆல்பத்தை வைத்து அனுப்பினோம். ஒரு வார்த்தை கேட்காமல் அனுப்பியது எங்கள் தப்பு.

ஆனால் ஏன் இதை எடுத்தோம் என்று சொல்லிவிடுகிறோம். ஆல்பத்தின் பெயர் ‘அன்டோனியோ பிரசிலேய்ரோ’. பிரசிலேய்ரோ என்றால் பிரேசில்காரர். பட்டப்பெயர் மாதிரி இருக்கிறது, ஆனால் ஜோபிமின் முழுப்பெயரிலேயே அந்தச் சொல் உண்டு. 1994 டிசம்பர் 8 அன்று நியூயார்க்கில், 67 வயதில் இறந்தார். ஆல்பம் வெளியானதும் அதை ஒட்டித்தான். அதனால் பலர் இதை ஒரு விடைபெறலாகக் கேட்கிறார்கள். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. சின்ன மகள் மரியா லூயிசாவின் பெயரிலேயே ஒரு சம்பா (பிரேசிலின் தாளத் துள்ளல் பாட்டு) போட்டு, அவளையே கூடப் பாட வைத்திருக்கிறார். அவருடைய கரகரத்த குரலுக்குப் பக்கத்தில் அந்தப் பிள்ளைக் குரல் வருகிற இடத்தைக் கேளுங்கள். மூத்த பாடகர் டோரிவால் காயிமியும் ஒரு பாட்டுக்கு வந்துபோகிறார். கிட்டார் வாசிப்பது மகன் பாவ்லோ. வீட்டுக் கூடத்தில் கச்சேரி நடக்கிற மாதிரி இருக்கும்.

பிரபல ஆங்கிலப் பாடகர் ஸ்டிங் பாடும் ‘ஹவ் இன்சென்சிடிவ்’ பாட்டைப் பெயருக்காகக் கேட்க வேண்டாம், மெட்டுக்காகக் கேளுங்கள். பாட்டு ஒன்றிரண்டு சுரங்களையே சுற்றிச் சுற்றி வரும். அடியில் பேஸ், அதாவது கீழ்ச்சுர வரிசை மட்டும் ஒவ்வொரு படியாக இறங்கும். மேலே அதே சுரம்தான், ஆனாலும் கேட்கக் கேட்க வேறாகிக்கொண்டே போகும். தம்புராவுக்கு நேரெதிர் என்று வைத்துக்கொள்ளுங்கள்: நமக்குச் சுருதி நிற்கும், பாட்டு நடக்கும். இவரிடம் பாட்டு நிற்கும், அடித்தளம் நடக்கும். உலகம் முழுக்க ஜாஸ்காரர்கள் இன்றுவரை இவர் மெட்டுகளை எடுத்து வாசிப்பதற்கு இந்த வித்தை ஒரு பெரிய காரணம் என்பது எங்கள் எண்ணம். அப்புறம், இந்த ஆல்பத்துக்கு 1996இல் அமெரிக்க இசை விருதான கிராமியும் கிடைத்தது.

பிடிக்கவில்லையா? சரி, திருப்பி அனுப்புங்கள். உறை பிரித்திருந்தாலும் பரவாயில்லை, தபால் செலவு எங்களுடையது. ‘கெட்ஸ்/ஜில்பெர்டோ’ வந்ததும் மாற்றித் தருகிறோம். ஒரே ஒரு வேண்டுகோள்: சிடியைத் தாளில் சுற்றாமல் பெட்டியிலேயே வைத்து அனுப்புங்கள். போன மாதம் அப்படி வந்த இரண்டில் கீறல்.