ஞாயிற்றுக்கிழமை போன்

வெள்ளவத்தை,
கொழும்பு 06

அன்புள்ள ராசாவுக்கு,

அம்மா எழுதுறது. நான் சுகம், பிரஷரும் மட்டாத்தான் இருக்கு. குழந்தையின்ர படம் கிடைச்சுது, அச்சு அசல் அப்பாதான்.

மூண்டு ஞாயிறா நீ போன் எடுக்கேல்லை. வேலை கூட எண்டு தெரியும். உன்ர புதுப் பதவியைச் சின்ன மாமி ஒழுங்கை முழுக்கச் சொல்லித் திரியிறா. எனக்கும் பெருமைதான். ஆனா காதுக்கு ஸ்கான் எடுத்ததை வத்சலா சொல்லித்தான் எனக்குத் தெரிய வேணுமே? நாள் குறிச்ச ஒப்பரேஷனை நீ தள்ளிப்போட்டதையும் அவள்தான் சொன்னாள். அவளைப் பேசாத.

இஞ்ச ஒரு காது மூக்குத் தொண்டை டொக்டரிட்டக் கேட்டனான். ஒஸ்டியோமா எண்டா எலும்புக் கட்டி, நடுக்காதில வாறது சரியான அரிது, புற்றுநோய் இல்லை, பையப் பையத்தான் வளரும் எண்டார். கரைச்சல் தராட்டி அப்பிடியே விட்டுப் பாக்கிறதாம். உனக்கெண்டா அது காதுக்குள்ள இருக்கிற மூண்டு சின்ன எலும்புகளை அசைய விடுதில்லை. நெற்றியில இசைக்கவையை, அந்தத் தட்டினா ஒலிக்கிற கவையை, வைக்க, கேளாத பக்கம்தான் சத்தம் கூடக் கேட்டுதாமே. அது நரம்பில பிழையில்லை எண்டதுக்கு நல்ல அடையாளமாம். முகத்து நரம்பு பக்கத்தால போறபடியா கைதேர்ந்தவரிட்டச் செய்யோணும். பயமெண்டா பயமெண்டு சொல்லு. தள்ளிப்போடாத.

அந்த மூண்டு எலும்பும்தான் சம்மட்டியுரு, பட்டடையுரு, ஏந்தியுரு. 28 வருஷம் பிள்ளையளுக்குப் படம் கீறிக் காட்டினனான். ஏந்தியுருதான் உடம்பில ஆகச் சின்ன எலும்பு, 3 மில்லிமீற்றர் அளவு எண்டு திருப்பித் திருப்பி எழுதுவிச்சனான்.

உனக்கு அப்ப ஒன்பது வயசு. கடற்கரைக்குப் போகத் தண்டவாளம் கடக்கேக்க பாணந்துறைப் பக்கத்தால ரயில் வந்தது. நீ கோட்டைப் பக்கம் பாத்துக்கொண்டு நிண்டாய். சேட்டைப் பிடிச்சு இழுத்து, சனம் பாக்கக் கன்னத்தில அடிச்சன். செவிடே எண்டு பேசினனான். நீ அழேல்லை. "சத்தம் எந்தப் பக்கத்தால வருதெண்டு தெரியேல்லை அம்மா" எண்டு மட்டும் சொன்னாய். ஒரு காது கேளாட்டி திசை பிடிபடாது. அதுவும் நான் படிப்பிச்ச பாடம்தான், ராசா. சாட்டுச் சொல்லுறாய் எண்டு நினைச்சு வீட்ட வந்தும் பேசினனான்.

கட்டி அப்பவே இருந்ததோ எண்டு டொக்டராலயும் சொல்லேலாதாம். இருந்தாலும் அண்டைக்கு உன்னை ஒருக்காக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருக்கலாம். காட்டேல்லை.

தள்ளிப்போடாத அப்பன். நாளைக் குறிச்சுச் சொன்னா நான் விசாவுக்குப் போடுவன். ஞாயிறு எடு. போனை வலக் காதில பிடி. ரயில் போற நேரமெண்டா நான் யன்னலைச் சாத்திப்போட்டுச் சத்தமாக் கதைக்கிறன்.

அன்புடன்,
அம்மா