நாணயத்தாள் சேகரிப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் சமுகமளித்துள்ள அங்கத்தவர்களுக்கும் வணக்கம். சமுகமளிக்காத பெரும்பான்மையினருக்கு இவ்வறிக்கை தபாலில் அனுப்பப்படும்.

வெள்ளவத்தையில் மாதாந்தக் கூட்டங்கள் நடைபெற்றன. இரண்டு மழையால் பிற்போடப்பட்டன. கொழும்புக் கோட்டையிலுள்ள மத்திய வங்கியின் பொருளாதார வரலாற்று நூதனசாலைக்கு ஒருமுறை சென்றுவந்தோம்.

சென்ற பொதுக்கூட்டத்தில் என்னிடம் ஒப்படைக்கப்பட்ட பதிவேடு இன்னும் முடியவில்லையே என்று சிலர் என் காதுபடவே பேசுவதால், அதைப்பற்றிச் சற்று விரிவாகக் கூறவேண்டியுள்ளது. அதுவரை இங்கு தாள் வெளியிட்டுவந்த தனியார் வங்கியான ஓரியண்டல் வங்கிக் கூட்டுத்தாபனம் 1884 இல் முறிந்ததையடுத்து அரசாங்கமே தாள் வெளியிடத் தொடங்கிய 1885 முதல், மத்திய வங்கி பொறுப்பேற்ற 1950 வரையான இலங்கைத் தாள்களில் நம்மவர் கைவசமுள்ளவற்றை, திகதி, தொடரிலக்கம், நாணய ஆணையாளர் இருவரின் கையொப்பம், நீர்க்குறி (வெளிச்சத்தில் பிடித்தால் தாளுக்குள் தெரியும் குறி) ஆகியவற்றுடன் பதிவதே திட்டம். பெறுமதி ஒன்றாயிருப்பினும் திகதியும் கையொப்பமும் மாறினால் அது வேறு தாளே. ஆகவே, "என்னிடம் ஜோர்ஜ் மன்னரின் ஐந்து ரூபாய் ஒன்று இருக்கிறது, எழுதிக்கொள்ளுங்கள்" என்று தொலைபேசியில் சொன்னால் போதாது. தாள் மேசைக்கு வரவேண்டும், வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவேண்டும்.

ஆவணிக் கூட்டத்துக்கு ஓர் அங்கத்தவர், தம் பாட்டனாரின் பஞ்சாங்கத்துக்குள் இருந்த 1942 ஆம் ஆண்டு ஐந்து சதத் தாளைக் கொணர்ந்தார். யுத்தகாலச் சில்லறைத் தட்டுப்பாட்டில், முத்திரைகளுக்கு இடுவதுபோல் நடுவே துளையிட்டு, கிழித்தால் 2 சதமும் 3 சதமுமாகப் பிரியும்படி வெளியிடப்பட்ட தாள் அது. நான் இதுவரை கண்டவை பெரும்பாலும் கிழிந்த பாதிகளே. இதிலோ துளைவரிசை முழுதாக இருந்தது. ஆனால், அது விட்டுப்போய்விடக்கூடாதென்று முதல்நாள் இரவு அதன்மேல் பளபளப்பான ஒட்டுநாடாவை ஒட்டியிருந்தார். பிரிக்க நான் துணியவில்லை. பசை தாளுக்குள் ஊறி மஞ்சளிக்கும் என்பதைக் கூட்டந்தோறும் சொல்லிவருகிறேன். கேட்டிருப்பவர்கள் எப்போதும் அதே ஒன்பது பேர்.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். வரவு செலவைச் சற்றே விஞ்சியுள்ளது. அதற்குக் காரணம் ஒருவரின் நன்கொடையேயன்றிச் சந்தா அல்ல. இரண்டாண்டுச் சந்தா நிலுவையிலுள்ளோர் ஏலம் நடக்கும் மாதத்தில் மட்டும் முன்வரிசையில் அமர்வதைச் செயற்குழு கவனித்தே வருகிறது.

மண்டபம் தந்தவர்களுக்கும் தேநீர் வழங்கியவர்களுக்கும் நன்றி.

உருப்பெருக்கிக் கண்ணாடிக்கும் என் கண்ணுக்கும் முன்போல ஒத்துவருவதில்லை. வரும் ஆண்டு இப்பதவியை இளையவர் ஒருவர் ஏற்பதில் எனக்கு ஆட்சேபமில்லை. எனினும் பதிவேடு 1917 இல் அறிமுகமான ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்த் தாள்களோடு நிற்கையில் அதைக் கைமாற்றுவது உகந்ததா என்பதைச் சபையே தீர்மானிக்கட்டும். யார் எழுதினாலும், தாள்களை மடிக்காமல், இஸ்திரி போடாமல், இரண்டு அட்டைகளுக்கு இடையே வைத்து, சந்தாவுடன் கொண்டுவருமாறு கேட்டுக்கொள்கிறேன்.