சுங்கை சிப்புட் அச்சக அண்ணனுக்கு நன்றி

வரைகலை வடிவமைப்பு படிக்கும் எனக்கு, முதல் எழுத்துருப் பயிற்சியாகத் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாச் சுவரொட்டி அமைந்தது. அச்சுக்குக் கொடுத்த மாலையில், "பொங்கல்" என்ற சொல்லின் ஒற்றைக் கொம்பு பகரத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போயிருந்ததை, யாரும் சொல்லாமலே கவனித்தவர் நீங்கள்தான், அண்ணா. கடை அடைக்கும் நேரம் கடந்தும் கணினி முன் அமர்ந்து, இல்லஸ்ட்ரேட்டர் மென்பொருளில் தெற்காசிய மொழிகளுக்கான வரியமைப்பைத் தேர்ந்தெடுத்து, கொம்பை அதன் இடத்துக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்த பிறகே, அச்சில் எழுத்துரு மாறிவிடாதபடி எழுத்துகளை வடிவக் கோடுகளாக மாற்றினீர்கள். 297 × 420 மில்லிமீட்டர் ஏ3 அளவைச் சுற்றி, வெட்டுவதற்கென 3 மில்லிமீட்டர் விளிம்பும் சேர்த்தீர்கள். தமிழை இப்படி எழுத்தெழுத்தாகப் பார்க்கும் அச்சுக்காரர் வாய்ப்பது பெரும் பேறு. கூடுதல் பணத்தையும் வாங்க மறுத்துவிட்டீர்கள். உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. இப்பதிவு உங்கள் கண்ணில் பட வேண்டும். அடுத்த சுவரொட்டியின் சோதனைத் தாளை முதலில் உங்களிடமே காட்ட விரும்புகிறேன்.