கடைசிப் படகு போன பிறகு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த ஹம்பி பயணக் கட்டுரையைப் படித்தேன். கோயில்களைப் பற்றி எழுதியதெல்லாம் சரி. ஆனால் துங்கபத்திரை ஆற்றுக்கு அக்கரையில் பயணிகளுக்கான குடிசை விடுதிகள் இருந்த ‘ஹிப்பித் தீவு’ கஞ்சாவுக்குப் பேர்போன இடம், 2020-இல் இடித்துத் தள்ளியது நல்லதாய்ப் போயிற்று என்று ஒரே வரியில் கதையை முடித்திருக்கிறார் கட்டுரையாளர். அவர் அங்கே ஓர் இரவாவது தங்கியிருப்பாரா என்பது சந்தேகம்தான். நான் 2009 முதல் 2017 வரை ஐந்து முறை தங்கியிருக்கிறேன். இந்த ஜனவரியில் ஆறாம் வகுப்பு படிக்கும் மகளைக் கூட்டிக்கொண்டு திரும்பவும் போய்விட்டு வந்தேன்.

கஞ்சா இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன், இருந்தது. ஆனால் அந்த இடத்தின் விசேஷம் அது இல்லை, கடைசிப் படகுதான்.

அப்போதெல்லாம் பெங்களூரில் ராத்திரி ஹம்பி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் ஹொசப்பேட்டை, அங்கிருந்து பஸ்ஸில் 13 கிலோமீட்டர், விருபாக்ஷர் கோயில் கோபுரத்தைத் தாண்டிப் படித்துறையில் இறங்கினால் படகு. கோயில் ஊர் என்பதால் இக்கரையில் கறியும் கிடையாது, மதுவும் கிடையாது. அக்கரையில் வயலை ஒட்டிக் கூரைக் குடிசைகள், தரையில் மெத்தை, வாசலில் தூளி. சாயங்காலம் ஆறு மணி வாக்கில் கடைசிப் படகு போய்விட்டால் அவ்வளவுதான், எந்தக் கரையில் இருக்கிறோமோ அந்தக் கரைதான். பக்கத்து ஊரான ஆனேகுந்தியில் ஆற்றின் மேல் கட்டிக்கொண்டிருந்த பாலமும் 2009 ஜனவரியில் இடிந்து விழுந்துவிட்டது. நான் முதல்முறை போனபோது தூண்கள் மட்டும் ஆற்றில் நின்றன.

ராணுவ சேவை முடித்து வந்த இஸ்ரேல் பிள்ளைகள், லீவு போட்டு வந்த பெங்களூர் ஐடி ஆட்கள், விழுந்தால் தாங்குவதற்கான மெத்தையை மடித்து முதுகில் கட்டிக்கொண்டு ஆமை மாதிரி நடந்து போகும் பாறை ஏறுகிறவர்கள் என எல்லோரும் ஒரே கரையில் மாட்டிக்கொண்டதால், வேறு வழியில்லாமல் பேசிக்கொண்டார்கள். கரண்ட் போனால் இன்னும் நன்றாகப் பேசுவார்கள். ராத்திரி பத்து மணிக்கு நான் தனியாக நடந்து வந்தாலும் நாலு குடிசையிலிருந்து நாலு பேர் குரல் கொடுப்பார்கள். ஒருமுறை படகைத் தவறவிட்டு இக்கரையிலேயே முன்பின் தெரியாத இரண்டு பெண்களோடு ஒரே அறையில் படுத்துக்கொண்டேன். மறுநாள் காலை கோயில் யானை லட்சுமி ஆற்றில் குளிப்பதைப் பார்த்தது அந்தப் புண்ணியத்தில்தான். அதில் ஒருத்தி இன்றும் எனக்குத் தீபாவளி வாழ்த்து அனுப்புகிறாள்.

இப்போது புக்கசாகரம் பக்கம் பாலம் இருக்கிறது. வாடகை ஸ்கூட்டர் இருக்கிறது. தங்குமிடங்கள் அக்கரையில் சாணாப்பூர், ஆனேகுந்தி என்று ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கின்றன. பயணிகள் கூட்டம் காணாமல் போகவில்லை. பாறை ஏறுகிறவர்கள் அதே மெத்தையோடு வருகிறார்கள், என் மகளுக்கு ஒரு ஸ்பெயின்காரப் பெண் அரைநாள் உட்கார்ந்து, சரியாகச் சொன்னால் தொங்கி, பாறையில் கால் வைக்கக் கற்றுக்கொடுத்தார். ஆனால் மாட்டிக்கொள்வது என்பது இல்லை. அவரவர் ஸ்கூட்டரில் அவரவர் விடுதிக்கு. 2025 மார்ச்சில் சாணாப்பூர் கால்வாய்க்கரையில் ராத்திரி உட்கார்ந்திருந்த பயணிகளைத் தாக்கி, பெண்களைப் பலாத்காரம் செய்து, ஒருவர் உயிரும் போன கொடுமைக்குப் பிறகு, இருட்டியதும் வெளியே போகாதீர்கள் என்று விடுதிக்காரரே சொல்கிறார். அவர் சொல்வதும் நியாயம்தான்.

இடித்தது தப்பு என்று வாதாட வரவில்லை. 1986-லிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் இடம், அனுமதி இல்லாமல் கட்டினால் உச்ச நீதிமன்றம் வேறென்ன சொல்லும்? எனக்குக் கோபம் ‘நல்லதாய்ப் போயிற்று’ என்பதன் மேல்தான். யாருக்கு நல்லது? இந்த இடம் இல்லாவிட்டால் நாங்கள் வேறு ஊருக்குப் போவோம். சமைத்தவர்கள், துணி துவைத்தவர்கள், வயலைக் குடிசைக்கு விட்டவர்கள் எல்லாம் உள்ளூர்க்காரர்கள். 2011-இல் கோயில் எதிரே பஜார் தெருவில் பழைய மண்டபங்களை ஒட்டிக் குடியிருந்தவர்களை அப்புறப்படுத்தியபோதும் இதே கதை. பயணக் கட்டுரைகளில் அவர்கள் வருவதே இல்லை.

எனக்குக் குடிசை கொடுத்த அம்மாவை இந்த முறை தேடிப் பிடித்தேன். மகன் நடத்தும் டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். என் பெயர் அவருக்கு ஞாபகம் இல்லை, ஆனால் ‘தமிழ்நாடு’ என்றுதான் கூப்பிட்டார், பழையபடியே. என் மகளைப் பார்த்துவிட்டு, படகைத் தவறவிட்டவள் மகளா என்று கேட்டுச் சிரித்தார். டீக்குக் காசு வாங்கவில்லை. கட்டுரையாளர் அடுத்த முறை போனால் இப்படிப்பட்டவர்களிடமும் ஒரு வார்த்தை பேசிவிட்டு வரட்டும்.

அப்புறம் ஒரு திருத்தம். 34-ஆம் பக்கத்தில் ‘ஹம்பி ஆற்றில் பரிசல்’ என்று போட்டிருக்கும் படம் ஆறே இல்லை, சாணாப்பூர் ஏரி.

இப்படிக்கு,
ஒரு வாசகி, ஈரோடு