அந்த 6.1 பற்றி

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்த்தேன். ஹெச்பிஏ1சி, அதாவது சில மாதத்துச் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் எண், 6.1 சதவீதம். "பார்டர்தான் அம்மா, எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று எழுதியிருந்தாய். நீ நன்றாக இருக்கிறாய் என்பதை நம்புகிறேன். ஆனால் சர்க்கரை விஷயத்தில் உடம்பு சும்மா இருப்பதை வைத்து நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. சர்க்கரை நோயுள்ள அப்பாவோடு இத்தனை வருஷம் இருந்து பார்த்ததால் சொல்கிறேன்.

முதலில் அந்த எண். ரத்தச் சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் உயிரோடு இருக்கும். அந்தக் காலத்தில் அதன் ஹீமோகுளோபினில் எவ்வளவு சர்க்கரை ஒட்டிக்கொண்டது என்று பார்ப்பதுதான் இந்தப் பரிசோதனை. அதனால் முந்தின நாள் பட்டினி கிடந்து இதை மாற்ற முடியாது; இரண்டு மூன்று மாதத்துச் சராசரியை அது காட்டிவிடும். 5.7-க்குக் கீழே இயல்பு, 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை நோய். நீ நடுவில் இருக்கிறாய். ரத்தசோகை இருந்தால் இந்த எண் ஏமாற்றலாம், அதனால் வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் சேர்த்துப் பார். அது 100 முதல் 125 வரை இருந்தால் இதே இடைநிலைதான்.

உண்மையில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது மற்ற வரிகள். ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு கூடியிருக்கிறது, நல்ல கொலஸ்ட்ரால் குறைந்திருக்கிறது, ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு என்று போட்டிருக்கிறார்கள், பிபியும் கொஞ்சம் மேலே. இவற்றைத் தனித்தனிச் சில்லறைக் கோளாறுகளாக நீ நினைக்கிறாய். பெரும்பாலும் இவை ஒரே வேரிலிருந்து வருகின்றன. ரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் இன்சுலின் சுரக்கிறது, ஆனால் தசையும் கல்லீரலும் அதன் பேச்சைச் சரியாகக் கேட்பதில்லை. கணையம் இன்னும் அதிகமாகச் சுரந்து ஈடுகட்டுகிறது. கணையத்துக்கு முடிகிற வரைக்கும் சர்க்கரை ஏறாது. ஆனால் அதற்குள்ளேயே கல்லீரலில் கொழுப்பு சேர்கிறது, ரத்தக் குழாய்களும் கெட ஆரம்பிக்கின்றன. கணையம் தளரும்போதுதான் எண் மேலே போகும். எடை அதிகம் இல்லையே என்று சொல்லாதே, ஒரு டேப் எடுத்து இடுப்பை அள. நம்மைப் போன்ற தெற்காசிய உடல்வாகுக்கு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 என்பது எல்லை.

அப்பாவின் கால் விஷயம் உனக்கு முழுதாகத் தெரியாது. ஷூவுக்குள் ஒரு சிறு கல் கிடந்திருக்கிறது. நாள் முழுக்க அதன் மேலேயே நடந்திருக்கிறார். ராத்திரி காலுறையில் ரத்தம் இருப்பதைப் பார்த்து நான்தான் பதறினேன். அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. பல வருஷம் சர்க்கரை கூடி இருந்தால் நரம்புகள் கெடும், அதிலும் நீளமான நரம்புகள்தான் முதலில். அதனால்தான் கால்விரலில் தொடங்குகிறது. சிலருக்கு ராத்திரியில் எரிச்சல், குத்தல். சிலருக்கு வெறும் மரத்துப்போதல். பாதத்தில் வியர்வையும் குறைந்து தோல் வெடிக்கும். ரத்த ஓட்டமும் குறைவாக இருந்தால் புண் ஆறாது, கிருமி புகுந்துவிடும். விரலையோ காலையோ எடுக்க வேண்டிவருகிற நிலைக்குப் பல பேர் இந்த வழியாகத்தான் போகிறார்கள். வலி இருந்திருந்தால் அப்பா அன்றைக்கே ஷூவைக் கழற்றியிருப்பார். அந்தப் புண் ஆற மாதக்கணக்கானது. மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கும் ஒரு சோதனை உண்டு. சில நிமிடம்தான் ஆகும். அதைக் கேட்டு வாங்கிச் செய்துகொள்பவர்கள் குறைவு என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

கண்ணும் அப்படித்தான். விழித்திரையில் ரத்தக் கசிவு தொடங்கிய பிறகும் பார்வை தெளிவாகவே இருக்கலாம். மங்கலாகத் தெரியும்போது பாதிப்பு முற்றியிருக்கும். சிறுநீரகத்தில் முதலில் ஆல்புமின் என்ற புரதம் சிறுநீரில் கசியும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கும் ரத்த அளவான கிரியாட்டினின் அப்போதெல்லாம் பெரும்பாலும் இயல்பாகத்தான் இருக்கும். மாரடைப்புகூட நெஞ்சுவலி இல்லாமல், மூச்சுவாங்கலும் வியர்வையும் காரணமில்லாத அசதியுமாக வரலாம்.

பயமுறுத்த இதையெல்லாம் எழுதவில்லை. நீ இருக்கும் இடத்திலிருந்து திரும்ப முடியும் என்பதால்தான் எழுதுகிறேன். உன்னைப் போல இடைநிலையில் இருந்த 3,234 பேரை வைத்து அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு செய்தார்கள், 2002-ல் முடிவு வெளியானது. உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரத்துக்கு 150 நிமிடம் வேகமாக நடப்பது போன்ற உடற்பயிற்சி. ஒரு குழுவுக்கு இவைதான் இலக்கு. அந்தக் குழுவில் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 31 சதவீதம். மாத்திரையை விட நடை ஜெயித்திருக்கிறது, தம்பி. உன் எடைக்கு 7 சதவீதம் என்றால் ஐந்து ஐந்தரைக் கிலோ, அவ்வளவுதான். தசை வேலை செய்யும்போது இன்சுலின் தயவில்லாமலேயே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். அதனால் சாப்பிட்டதும் நாற்காலியில் சாயாமல் கொஞ்சம் நட. மாவுச்சத்தைக் குறைத்து, காய்கறியும் புரதமும் கூட்டு. தூக்கத்தையும் திருடாதே.

இன்னொன்று. இனிப்பு தின்றதால் வந்தது என்று யாராவது உன்னைக் குற்றவாளி ஆக்கினால் காதில் வாங்காதே. பரம்பரைக்கு இதில் பெரிய பங்கு உண்டு, வெட்கப்பட ஒன்றும் இல்லை. வேரோடு குணமாக்குகிறேன், மாத்திரையை நிறுத்து என்று சொல்பவர்களிடமும் போகாதே. ஆரம்ப வருஷங்களில் நன்றாக எடை குறைத்தால் மாத்திரை இல்லாமலே சர்க்கரை இயல்புக்கு வருவது சிலருக்கு நடக்கிறது, ஆனால் அப்போதும் பரிசோதனையை விடக் கூடாது.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது சிறுநீர் ஆல்புமின் பரிசோதனை பற்றிக் கேள். எப்போது திரும்ப ஹெச்பிஏ1சி பார்க்க வேண்டும் என்பதையும் கேட்டு எழுதி வைத்துக்கொள். அப்புறம், தங்கச்சியையும் ஒருமுறை சோதித்துக்கொள்ளச் சொல். அப்பா வழியில் உனக்குள்ள வாய்ப்பு அவளுக்கும் உண்டு. நான் சொன்னால் தள்ளிப்போடுவாள், அண்ணன் சொன்னால் கேட்பாள்.

அன்புடன்,
அம்மா